பாலையாவைப் பார்க்க எந்தப் பிரதி தேறும்?

பழைய தமிழ்ப் படத்தின் டிவிடியோ யூடியூப் பிரதியோ தேறுமா என்று சோதிக்க, கதாநாயகன் முகத்தைப் பார்த்துப் பிரயோசனமில்லை. அவருக்கு வெளிச்சம் நிறைய, நெருக்கக் காட்சி நிறைய, பாட்டுக்கு நடுவில் முகத்தை மறைக்கிற ஆளும் கிடையாது. எவ்வளவு கெட்ட பிரிண்டிலும் எம்.ஜி.ஆரும் சிவாஜியும் பிழைத்துக்கொள்வார்கள். குணச்சித்திர நடிகர்தான் முதலில் சேதமாவார். அதிலும் டி.எஸ். பாலையா. அவர் சொத்து முழுக்க சொல்லின் கடைசி எழுத்திலும், தொடையில் தட்டும் கையிலும், மற்றவர் பேசும்போது ஓரத்தில் இருந்துகொண்டு போடுகிற ‘ம்ம்...’மிலும் இருக்கிறது. பிரதி கொஞ்சம் கெட்டாலும் பறிபோவது இவைதான். அதனால் கடையிலும் இணையத்திலும் கிடைக்கிற பிரதி வகைகளை இங்கே பாலையாவை உரைகல்லாக வைத்துத்தான் எடை போட்டிருக்கிறது. பாடல்கள் ஓடுகின்றனவா, சிவாஜி தெளிவாகத் தெரிகிறாரா என்பவை மட்டும் போதும் என்றால் கீழே உள்ள பாதி தேவைப்படாது.

ஆளைப் பற்றிச் சுருக்கமாக. திருநெல்வேலி சுப்பிரமணியம் பாலையா, 1914 ஆகஸ்ட் 23இல் சுண்டங்கோட்டையில் பிறந்தவர். நாடக மேடையிலிருந்து வந்தவர். ஒலிபெருக்கியை நம்பாமல் கடைசி வரிசை வரை குரலை அனுப்பிப் பழகிய தலைமுறை அது. முதல் படம் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதிலீலாவதி’ (1936). எம்.ஜி.ஆருக்கும் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் அதுவே முதல் படம். அதில் பாலையா வில்லன். அடுத்த ஆண்டே அதே டங்கனின் ‘அம்பிகாபதி’யில் எம்.கே. தியாகராஜ பாகவதருக்கு எதிராகத் தளபதி ருத்ரசேனன். 1949இல் அண்ணாவின் ‘வேலைக்காரி’யில் கே.ஆர். ராமசாமிக்குப் புத்தி சொல்லும் நண்பன் மணி. ‘தூக்குத்தூக்கி’யில் (1954) சேட், ‘மதுரை வீர’னில் (1956) நரசப்பன், ‘பாகப்பிரிவினை’யில் (1959) எஸ்.வி. சுப்பையாவுக்கு அண்ணன். 1964இலிருந்து நம் நினைவில் தங்கிவிட்ட பாலையா தொடங்குகிறார்: பணக்கார அப்பா, கர்வம் பிடித்த பாகவதர், தவில்காரர், மூன்று மருமகள்களுக்கு மாமனார். 1972 ஜூலை 22இல் காலமானார். 58 நிறைய ஒரு மாதம் பாக்கி. மேடையின் சத்தத்தையும் சினிமாவின் சன்னத்தையும் ஒரே வசனத்துக்குள் வைத்துக்கொண்டவர். ஒரு சொல்லை இழுப்பார், அடுத்ததை விழுங்குவார், மூன்றாவதை மூக்கிலேயே முடித்துவிடுவார். அந்த விழுங்கல் காதில் விழவில்லையென்றால் வெறும் சத்தக்காரர் ஒருவர்தான் திரையில் மிஞ்சுவார்.

மூன்று படம் ஒரே வட்டில்

மலிவு வட்டுகளின் காலம் 2007 வாக்கில் வந்தது. மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கியபோது பழைய படங்கள் பெட்டிக்கடை வரை போய்ச் சேர்ந்தன. அந்த அளவில் நல்ல காரியம். அதன் வால் பிடித்து வந்த ‘ஒரே டிவிடியில் மூன்று படம்’ என்கிற வகைதான் தொல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒற்றை அடுக்கு டிவிடியில் 4.7 ஜிபி. ஒவ்வொன்றும் 160 நிமிடம் என்று மூன்று படம் வைத்தால் 480 நிமிடம். நொடிக்குக் கிடைப்பது ஏறக்குறைய 1.3 மெகாபிட், ஒலியையும் சேர்த்து. ஒரே படத்தை வைத்தால் 3.9. விசிடியிலேயே படத்துக்கு 1.15 மெகாபிட் உண்டு; ஆக, உறையில் டிவிடி என்று போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது விசிடிக்குச் சித்தப்பா மகன்.

இது எங்கே வெளிப்படும் என்றால், அசையாத முகத்தில் சின்ன மாற்றம் நடக்கும் இடத்தில். ‘காதலிக்க நேரமில்லை’யில் செல்லப்பா (நாகேஷ்) அப்பா விஸ்வநாதனுக்கு (பாலையா) பேய்க்கதை சொல்லும் காட்சியைப் போடுங்கள். கதையும் சத்தங்களும் நாகேஷ் தருபவை. பாலையாவுக்கு வசனம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. கண்ணும் தாடையும் கழுத்தும்தான் வேலை செய்கின்றன. பிட்ரேட் (நொடிக்குக் கிடைக்கும் மெகாபிட்) குறைந்த பிரதியில், படத்தைச் சுருக்கிப் பதியும் மென்பொருளான குறியாக்கி தன் பங்கை முழுக்க வேகமாக அசைகிற நாகேஷுக்குக் கொடுத்துவிடும், உட்கார்ந்திருப்பவர் முகம் கட்டம் கட்டமாக உறைந்துபோகும். பயம் படிப்படியாக ஏறுகிற அழகு போய், சாதாரண முகம், திடீரென்று பயந்த முகம் என்று இரண்டே படி தெரியும். காட்சி அப்போதும் சிரிப்பு மூட்டும், அந்தச் சிரிப்பு முழுவதும் நாகேஷ் கணக்கில் போய்விடும்.

மூன்று பட வட்டு வேண்டாம். ஒரு படம் ஒரு வட்டு என்றிருப்பதைத் தேடுங்கள். கணினியில் செருகி வட்டில் எத்தனை ஜிபி நிறைந்திருக்கிறது என்று பார்த்தால், உறையில் எழுதியிருப்பதைவிட நம்பகமான தகவல் அது.

சுருதி ஏறிய பாகவதர்

இந்தியாவில் விற்ற டிவிடிகளில் பெரும்பாலானவை ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் வந்தவை. பிலிம் ஓடுவது நொடிக்கு 24 பிரேம். பால் ஓடுவது 25. மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் படத்தை அப்படியே 25இல் ஓட்டிவிடுவார்கள். 4.17 சதவீதம் வேகம் கூடும், சுருதி முக்கால் அரைச்சுரத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறும். வசனப் படத்தில் இதை யாரும் கவனிக்கப்போவதில்லை. பாலையா விஷயத்தில் இரண்டு காரணங்களால் இது உறுத்தும்.

முதலாவது, ‘திருவிளையாடல்’ படத்தில் அவர் நடித்த ஹேமநாத பாகவதர். ‘ஒரு நாள் போதுமா’வை எம். பாலமுரளிகிருஷ்ணா பாடியிருக்கிறார், கே.வி. மகாதேவன் இசை. மாண்டில் தொடங்கி, தோடி, தர்பார், மோகனம், கானடா என்று ராகத்தின் பெயரைச் சொல்லியே அந்த ராகத்துக்குள் நுழைகிற பாட்டு. ரேடியோவிலும் ரிக்கார்டிலும் கேட்டுக் காது பழகியவருக்கு, டிவிடியில் அதே பாட்டு ஏதோ அவசரத்தில் இருப்பதாகவும் குரல் மெலிந்ததாகவும் படும். இரண்டாவது காரணம் அவருடைய சொந்தக் குரல். அடிவயிற்றிலிருந்து வருகிற அந்த உறுமல் முக்கால் அரைச்சுரம் ஏறினால் கனம் போய்விடும். ஹேமநாதரின் திமிரில் பாதி அந்தக் கனத்தில்தான் இருக்கிறது.

கண்டுபிடிக்கச் சுலபமான வழி, ஒலிநாடாவிலோ இசைச் செயலியிலோ இருக்கும் பாட்டை டிவிடியோடு அடுத்தடுத்து ஓட்டிப் பார்ப்பது. சுருதிப்பெட்டிச் செயலி இருந்தால் இன்னும் துல்லியம். நேரக் கணக்கிலும் பிடிக்கலாம். படத்தின் தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழை நிறுத்தி, நீளம் எவ்வளவு என்று படியுங்கள். 35 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 90 அடி, மீட்டரில் 27.4. சான்றிதழில் 14,400 அடி என்றிருந்தால் படம் 160 நிமிடம் ஓட வேண்டும். உங்கள் பிரதி 153½ நிமிடம் காட்டினால் வேகம்தான் கூடியிருக்கிறது, வெட்டு எதுவும் இல்லை. 140 நிமிடம் காட்டினால் எங்கோ கத்திரி விழுந்திருக்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல பிரதியை ‘கட் பிரிண்ட்’ என்று ஒதுக்குகிறவர்கள் ஏராளம்.

வேகத்துக்கு மருந்து உண்டு. கணினியில் வி.எல்.சி. பிளேயரில் ஓட்டுவதானால் வேகத்தை 0.96 ஆக இறக்குங்கள். அதோடு நின்றால் சுருதி இறங்காது; வேகம் மாறினாலும் சுருதியைப் பிடித்துவைக்கும் வசதி ஒன்று அதில் இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். ஆடியோ அமைப்புகளில் ‘டைம் ஸ்ட்ரெச்சிங்’ என்ற பெட்டியில் உள்ள டிக்கை எடுத்த பிறகுதான் வேகமும் சுருதியும் சேர்ந்து இறங்கும். பாகவதர் தன் பழைய கட்டைக்கு வந்துவிடுவார். தொலைக்காட்சியோடு இணைத்த சாதாரண டிவிடி பிளேயரில் இதைச் செய்ய வழியில்லை.

கையை வெட்டும் அகலத்திரை

1960களின் தமிழ்ப் படங்கள் ஏறக்குறைய சதுரத்துக்குப் பக்கமான சட்டகத்தில், 1.37க்கு 1 என்ற விகிதத்தில் எடுக்கப்பட்டவை. சினிமாஸ்கோப் தமிழுக்கு வந்ததே ‘ராஜராஜ சோழ’னில்தான் (1973), பாலையா அதற்கு முந்தைய ஆண்டே போய்விட்டார். ஆகவே பாலையா படம் எதுவானாலும் உங்கள் அகலத் தொலைக்காட்சியில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழத்தான் வேண்டும். பட்டை விழாமல் திரை நிறைந்திருந்தால் இரண்டில் ஒரு தப்பு நடந்திருக்கிறது.

ஒன்று, இழுத்திருப்பார்கள். முகம் 30 சதவீதம் அகலமாகும். பாலையா ஏற்கெனவே கட்டையான உடம்பு. இழுத்த பிரதியில் தர்பார் வாசல் அவருக்குப் போதாது. இது திருத்தக்கூடிய தப்பு. ரிமோட்டில் படத்தின் அளவை 4:3 ஆக்குங்கள், வி.எல்.சி.யில் ‘ஏ’ விசையைத் தட்டித் தட்டி 4:3க்கு வாருங்கள், சரியாகிவிடும்.

இன்னொன்று, மேலும் கீழும் வெட்டியிருப்பார்கள். இதற்கு மருந்தே கிடையாது. 16:9க்கு வெட்டினால் படத்தின் உயரத்தில் 23 சதவீதம் போகும். ஸ்கோப்புக்கு வெட்டினால் 42 சதவீதம். நூற்றுக்கு நாற்பத்திரண்டு! தலை போகக்கூடாது என்று பார்த்து வெட்டுவார்கள், அதனால் வெட்டு கீழே அதிகம் விழும். கீழே இருப்பவை கைகள். ‘தில்லானா மோகனாம்பாள்’ முத்துராக்கு தவில்காரர். மடியில் இருக்கும் தவிலும் அதன் மேல் விழும் கோலும் கையும் சட்டகத்தின் கீழ்ப்பாதியில் இருக்கின்றன. வெட்டிய பிரதியில் தோளைக் குலுக்கும் ஒரு மனிதர் தெரிவார், அவ்வளவுதான். அந்தப் படத்தில் நாதஸ்வரம் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தது; சிவாஜி விரலுக்கு எவ்வளவு உழைத்தார் என்று எல்லாரும் பேசுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து தாளத்தோடு தாளமாக ஈடுகொடுத்தவரின் கையைப் பார்க்க வேண்டுமென்றால் முழுச் சட்டகப் பிரதி ஒன்றுதான் வழி. ஹேமநாதரின் ஆணவக் கையசைப்புக்கும் இதே கதி.

இழுத்ததா வெட்டியதா என்று தெரிய, பெண்களின் நெற்றிப் பொட்டைப் பாருங்கள். நேராகப் பார்க்கும் முகத்தில் வட்டப் பொட்டு முட்டையாகத் தெரிந்தால் இழுத்தது. வட்டமாகவே இருந்து, ஆனால் உச்சந்தலையும் மார்புக்குக் கீழும் காணவில்லையென்றால் வெட்டியது.

டிஜிட்டல் மறுவெளியீடுகள்

2012இல் ‘கர்ணன்’ திரையரங்குகளில் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துப் பழைய படங்கள் வரிசையாகத் தூசி தட்டப்பட்டன. ‘திருவிளையாடல்’ அதே ஆண்டு செப்டம்பரில், சினிமாஸ்கோப்பில் வந்தது. இந்த வகைப் பிரதிகளை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது, கொண்டாடவும் முடியாது. நிறத்துக்கு அவை வரம். ஈஸ்ட்மன்கலர் பிரிண்டில் நீலப்பச்சைச் சாயம்தான் முதலில் வெளிறும். அதனால்தான் பழைய பிரிண்டில் ஆகாயம் ரோஜாவாகவும் ஆட்கள் எல்லாரும் வெயிலில் காய்ந்தவர்களாகவும் இருக்கிறார்கள். கணினியில் நிறம் திருத்திய பிரதியில் தர்பாரின் பொன்னும் பட்டும் அவற்றுக்குரிய நிறத்துக்கு வந்துவிடும். கீறலும் புள்ளியும் போய்விடும்.

விலை கொடுப்பது மேலே சொன்ன 42 சதவீதத்திலும் ஒலியிலும். மூலம் ஒற்றைத் தட ஆப்டிகல் ஒலி, அதாவது பிலிமின் ஓரத்திலேயே ஒளித்தடமாகப் பதிந்தது. அதை ஐந்து ஸ்பீக்கருக்குப் பிரித்து, அடியில் இரைச்சலைத் துடைக்கும்போது, இரைச்சலைப் போலவே இருக்கும் மற்றவையும் போய்விடும்: மூச்சு, முனகல், சொல் முடிவில் மெலியும் மெய்யெழுத்து. கேட்டால் வாளித் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது மாதிரி இருக்கும்.

இதற்கு ஒரே ஒரு வசனத்தை உரைகல்லாக வைத்துக்கொள்ளலாம்: ‘காதலிக்க நேரமில்லை’யின் ‘அசோகர் உங்க மகரா?’. அதுவரை கண்ணுக்கு ஆகாதவனாக இருந்த அசோக், கோடீஸ்வரர் (வேடமிட்ட முத்துராமன்) மகன் என்று தெரிந்த நொடியில், எஸ்டேட் முதலாளியின் வாயில் ‘ன்’ எல்லாம் ‘ர்’ ஆகிவிடுகிறது. மகனுக்கே மரியாதை விகுதி போட்டு ‘மகர்’ ஆக்குகிறார். நகைச்சுவை மொத்தமும் ஒரு மெய்யெழுத்தின் மேல் நிற்கிறது. நல்ல பிரதியில் ‘அசோகர்’ என்பதில் அந்த ‘ர்’ நாக்கில் உருள்வது தெரியும். இரைச்சல் துடைத்த பிரதியில் அது மழுங்கி, பொருளை நாமே ஊகிக்க வேண்டியிருக்கும். ஏற்கெனவே கேட்டவர்களின் நினைவு அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும். முதல்முறை பார்க்கும் பிள்ளைகள் இதில் என்ன சிரிப்பு என்று கேட்பார்கள்.

5.1 ஒலி உள்ள பிரதியை இரண்டு ஸ்பீக்கர் தொலைக்காட்சியில் போட்டால் வசனம் பின்வாங்கிப் பாட்டு முன்னே வந்து விழும். ஒலி மெனுவில் ஸ்டீரியோவோ மோனோவோ இருந்தால் அதற்கு மாற்றுங்கள்.

யூடியூப்

இலவசம், உடனே கிடைக்கும், ஒரே படத்துக்குப் பத்துப் பிரதி. அதில்தான் சிக்கலும். உரிமை வைத்திருப்பவர்களின் சேனலில் இருப்பதும், யாரோ தொலைக்காட்சியிலிருந்து பதிந்து ஏற்றியதும் ஒரே தலைப்பில், ஒரே மாதிரி முகப்புப் படத்தோடு கிடக்கும். மூலையில் இரண்டு லோகோ இருந்தால் தொலைக்காட்சிப் பதிவு. விளம்பர இடைவேளைக்குத் தக்கபடி வெட்டியிருப்பார்கள். வெட்டுக்கு முதல் பலி நகைச்சுவைக் கிளைக்கதை, அதாவது பாலையா. ஆட்கள் எல்லாரும் இடக்கையால் சாப்பிட்டால் உரிமைப் பரிசோதனையை ஏமாற்றப் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பியிருக்கிறார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். தலைப்பில் 4கே என்று எழுதியிருப்பதை நம்பிப் பயனில்லை. டிவிடியில் 576 வரிகள்தான். அதை ஊதிப் பெரிதாக்கினால் ஊதிய 576 வரிதான் கிடைக்கும். காது மடலுக்குப் பின்னால் வெள்ளைக் கோடு ஒன்று கூடவே ஓடினால் கூர்மையைச் செயற்கையாக ஏற்றியிருக்கிறார்கள்.

வேகமாகக் கை அசையும்போது சீப்புப் பல் மாதிரி கோடுகள் விழுந்தால், இரண்டு பாதிச் சட்டகங்களைப் பிரிக்காமல் ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள். டிவிடியாக இருந்தால் வி.எல்.சி.யில் ‘டி’ விசையை அழுத்தினால் போகும். யூடியூப்பில் அது படத்தோடு ஒட்டிப்போனது.

உரிமைக் காலத்தையும் சொல்லிவிடலாம். இந்தியச் சட்டப்படி திரைப்படத்துக்குக் காப்புரிமை வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டுகள். 1964இல் வந்த படத்துக்கு 2024 டிசம்பரோடு முடிகிறது, 1965 படத்துக்கு 2025 டிசம்பரோடு. எனவே இனிப் பிரதிகள் பெருகும். பெருகுவதில் பெரும்பாலானவை மேலே சொன்ன ஊதல் ரகமாகவே இருக்கும்.

கறுப்பு வெள்ளையில் இரண்டு

கே. பாலசந்தரின் ‘பாமா விஜயம்’ (1967) எந்தப் பிரதியிலும் ஓரளவு தேறிவிடுகிறது. வீட்டுக்குள் நடக்கும் கதை, வசனம் தெளிவாகப் பதிவானது. மேஜர் சுந்தரராஜன், முத்துராமன், நாகேஷ் மூவருக்கும் அப்பாவாகப் பாலையா. நடிகை வருகிறாள் என்று வீடே கடனில் மூழ்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மனிதர். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: வெள்ளைச் சட்டை, வேட்டியில் மடிப்பு தெரிகிறதா? தெரியாமல் ஒரே வெள்ளைத் திட்டாக இருந்தால் பிரகாசத்தை ஏற்றிவிட்டார்கள். தொலைக்காட்சியில் கான்ட்ராஸ்டைப் பத்துப் புள்ளி இறக்கிப் பாருங்கள். மடிப்பு வந்தால் வைத்துக்கொள்ளலாம், வராவிட்டால் வேறு பிரதி தேடலாம்.

‘வேலைக்காரி’ அப்படியில்லை. 1949 படம், கிடைக்கிற பிரதிகளில் ஒலி கரகரக்கும். இதற்கு ஸ்பீக்கர் வேண்டாம், காதுமூடி ஹெட்போன் போடுங்கள். ஈக்வலைசரில் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் முழுவதும் இறக்கிவிடுங்கள். அந்தக் கால ஒலித்தடத்தில் அதற்கு மேல் குரல் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, கரகரப்புத்தான் இருக்கிறது. பழிவாங்கக் கத்தியைத் தீட்டும் ஆனந்தனிடம் புத்தியைத் தீட்டச் சொல்லும் காட்சி, இப்படிக் கேட்டால் எழுத்து எழுத்தாக விளங்கும். பாலையாவை வில்லன், சிரிப்பு அப்பா என்ற இரண்டு பெட்டிக்குள் வைத்திருப்பவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அடுக்குமொழி வசனத்தை மேடைப்பேச்சாகக் கொட்டாமல் நண்பன் தோளில் கை போட்டுப் பேசுகிற பேச்சாக அவர் இறக்கிவைப்பது அந்த ஆண்டுகளின் படங்களில் அபூர்வம்.

கடைசியாக, ‘அம்பிகாபதி’ வாங்கப் போகிறவர்கள் உறையில் ஆண்டைப் பார்த்து வாங்குங்கள். 1957இல் சிவாஜி நடித்த ‘அம்பிகாபதி’தான் பெரும்பாலும் கையில் கொடுப்பார்கள், அதில் ருத்ரசேனன் எம்.என். நம்பியார். பாலையாவின் ருத்ரசேனன் 1937 படத்தில் இருக்கிறார். உறையில் தியாகராஜ பாகவதர் முகம் இருந்தால் அதுதான்.